சலுகைக்கு நாம் கொடுக்கும் விலை

‘அங்கத்தவர்களுக்கு மட்டும்’ என்ற சொற்களில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. நிவாரண வரிசையிலும் பதிவு வரிசையிலும் நின்று நின்று காலத்தைக் கழித்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கவர்ச்சி இன்னும் கூடுதலானது. ஒருவர் எங்களைப் பெயர் சொல்லி அழைத்து, கதிரை தந்து, தேநீரும் தந்து, ‘நீங்கள் எங்கள் அங்கத்தவர், உங்களுக்குப் பத்து வீதக் கழிவு’ என்று சொன்னால் மனம் இளகத்தான் செய்யும். அந்தக் கழிவைப் பெறுவதற்கு முதலில் நாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம் என்ற கேள்வி அந்த நேரத்தில் எழுவதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருப்பவள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் ஏழு வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. சாதாரண தரத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் சீட்டுக் கணக்கு, சுழற்சிக் கடன் கணக்கு, கோழிக்கூட்டுக்கு எடுத்த கடனின் வட்டிக் கணக்கு என்று எழுதி எழுதி, ஒரு தொகையைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். 1996 இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் ஓடியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சமாதான காலத்தில், 2004 இல், திருமணமாகிக் கனடா போனாள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய கணவர் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. இரண்டு பிள்ளைகள். 2009 இல் என் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010 இல் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் நான் வாழ்வைத் தொடங்கிய நாள்முதல் மாதம் தவறாமல் பணம் அனுப்பி வருபவள் அவள்தான். அம்மாவின் மருந்து, என் மகளின் படிப்பு இரண்டும் அந்தப் பணத்தில்தான் நடந்தன.

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் அவள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். குரலில் ஒரு சந்தோசம்.

“அக்கா, நாங்கள் ஒரு இடம் வாங்கிட்டம்” என்றாள்.

“எத்தினை பரப்பு?” என்று கேட்டேன்.

“பரப்பில்லை அக்கா, ஒரு கிழமை” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. இடத்தைக் கிழமைக் கணக்கில் அளப்பதை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அவள் விளக்கிச் சொன்னாள். பின்னர் மகளின் உதவியோடு நானும் தேடி வாசித்தேன். வாசகிகளில் பலரும் இதை அறிந்திருக்க மாட்டீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இதற்கு ‘டைம் ஷெயார்’ என்று பெயர். நேரத்தைப் பங்கு போடுவது என்று சொல்லலாம். ஓர் உல்லாச விடுதியில் ஓர் அறையையோ வீட்டையோ வருடத்தில் ஒரு கிழமை பாவிக்கும் உரிமையை விற்கிறார்கள். வருடத்தின் 52 கிழமைகளையும் அப்படிப் பலருக்கு விற்கலாம். 1960 களில் சுவிற்சர்லாந்திலும் பிரான்சின் அல்ப்ஸ் மலைப் பகுதியிலும் இந்த முறை தொடங்கியது. பிறகு அமெரிக்காவுக்குப் போய், அங்கே புளோரிடா போன்ற இடங்களில் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. ஒரு விடுதியில் வாங்கிய கிழமையை இன்னொரு நாட்டு விடுதியின் கிழமையோடு மாற்றிக்கொள்ள உதவும் கம்பனிகளும் 1970 களில் அங்கே உருவாகின. இப்பொழுது பல இடங்களில் கிழமைக்குப் பதிலாகப் ‘புள்ளி’களை விற்கிறார்கள். பாடசாலை விடுமுறைக் காலத்தில் தங்குவதற்குக் கூடிய புள்ளிகளும், ஆள் வராத காலத்துக்குக் குறைந்த புள்ளிகளும் தேவைப்படும்.

வாங்குபவர் மூன்று வகையில் பணம் கட்டுகிறார். முதலாவது, வாங்கும் விலை. இரண்டாவது, அதைக் கடனாக எடுத்தால் அதற்கான வட்டி. மூன்றாவது, ஒவ்வொரு வருடமும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம். போய்த் தங்கினாலும் தங்காவிட்டாலும் இந்த மூன்றாவதைக் கட்டியே ஆகவேண்டும். இவற்றோடு ஒரு சலுகைப் பட்டியலும் வரும். விடுதியின் சாப்பாட்டுக் கடைகளில் கழிவு, பரிசுப் பொருட் கடையில் கழிவு, நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு இலவச அனுமதி என்று அந்தப் பட்டியல் நீளும்.

தங்கை குடும்பம் ரொறன்ரோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு விடுதிக்கு இரண்டு நாள் போயிருந்தார்கள். அங்கே, ‘தொண்ணூறு நிமிடம் ஒரு விளக்கம் கேளுங்கள், 100 டொலருக்குச் சாப்பாட்டுச் சீட்டுத் தருகிறோம்’ என்றார்களாம். கணவன் மனைவி இருவரும் கட்டாயம் வரவேண்டும் என்பது நிபந்தனை. தொண்ணூறு நிமிடம் நான்கு மணித்தியாலம் ஆகியது. பிள்ளைகளை விளையாட விட்டார்கள். பழச்சாறு கொடுத்தார்கள். முதலில் சொன்ன விலை இவர்கள் தலையாட்டவில்லை என்றதும் குறைந்தது. பிறகு இன்னொருவர் வந்து இன்னும் குறைத்தார். ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்’ என்றார்கள். கடைசியில் கையொப்பம் வைத்துவிட்டு அந்த 100 டொலர் சீட்டோடு வந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

தங்கை இலேசில் ஏமாறுகிறவள் அல்ல. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி வளர்ந்தவள். அவளை இளக வைத்தது விலையா, கழிவா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்.

“அந்தப் பிள்ளை சொன்னது அக்கா, இது உங்கடை, இஞ்சை இருந்து உங்களை ஒருத்தரும் எழுப்பேலாது எண்டு.”

அதன்பிறகு எனக்கும் உடனே பேச வரவில்லை. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இடம் இடமாக எழும்பி ஓடிய குடும்பத்தில் பிறந்த ஒருத்திக்கு அந்த வசனம் எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும். விற்க வந்த அந்தப் பெண்ணுக்கு எங்கள் கதை தெரிந்திருக்காது. எல்லோருக்கும் சொல்லும் வசனத்தைத்தான் அவளுக்கும் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டவளுக்கு அது தனக்கென்றே சொல்லப்பட்டதாக இருந்திருக்கிறது.

“சரியோ பிழையோ, நீங்கள் ஒருக்கால் கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா. பத்து நாளுக்குள்ளை வேண்டாமெண்டு சொல்லலாமாம். இப்ப மூண்டு நாள் போட்டுது” என்றாள்.

ஒன்ராறியோ மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இருக்கிறது. டைம் ஷெயார் ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து பத்து நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே அதை இரத்துச் செய்யலாம். புளோரிடாவிலும் பத்து நாட்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது பத்து நாட்கள் கொடுத்தது. 2008 இல் வந்த புதிய சட்டம் அதைப் பதினான்காக்கியது. இத்தனை இடங்களில் இப்படிச் சட்டம் போட வேண்டி வந்ததே, அந்த விற்பனை அறையில் மனிதர் நிதானமாக யோசிக்க முடியாது என்பதற்குச் சாட்சி என்று நான் நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மகள் வாசித்துச் சொல்ல, நான் சங்கத்துக் கணக்கு எழுதுவதுபோல ஒரு கொப்பியில் எழுதினேன்.

விலை 16,000 டொலர். அதில் 4,000 கையில் கட்டியாகிவிட்டது. மிகுதி 12,000 டொலரும் 12 வீத வட்டியில் ஐந்து வருடக் கடன். மாதம் 267 டொலர் வீதம் 60 மாதங்களுக்கு 16,020 டொலர். கையில் கட்டியதோடு சேர்த்தால் 20,020 டொலர். பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 950 டொலர். அது ஒரு சதமும் கூடாமல் இருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் இருபது வருடத்துக்கு 19,000 டொலர். எல்லாமாக 39,020. இதை இருபதால் பிரித்தால் ஒரு வருடத்துக்கு 1,951 டொலர். ஏழு இரவுகளால் பிரித்தால் ஓர் இரவுக்கு 279 டொலர்.

அதே விடுதிக்கு அருகில், அதே அளவு அறையை, அங்கத்துவம் ஒன்றும் இல்லாமல் சாதாரணமாக எடுத்தால் என்ன வாடகை என்று தங்கையைப் பார்க்கச் சொன்னேன். பாடசாலை விடுமுறை இல்லாத நாட்களில் வரியோடு 190 டொலருக்கு இருந்தது. அப்படியானால் 950 டொலர் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் வைத்தே வருடத்தில் ஐந்து இரவுகள் தங்கலாம். அந்த 20,020 டொலரையும் கட்டத் தேவையில்லை.

பராமரிப்புக் கட்டணம் கூடாமல் இருக்கும் என்று எழுதியதும் ஓர் எடுகோள்தான். ஒப்பந்தத்தில் அதைக் கூட்டும் உரிமை கம்பனிக்கு இருந்தது. வருடத்துக்கு நான்கு வீதம் ஏறினால் 18 வருடத்தில் 950 ஏறக்குறைய 1,900 ஆகிவிடும். அப்போது தங்கைக்கு ஐம்பத்தேழு வயது. முழங்கால் வலியோடு முதியவர்களைத் தூக்கிப் படுக்க வைக்கும் வேலையை அந்த வயதிலும் அவள் செய்வாளா?

இனி அந்தச் சலுகைகளுக்கு வருவோம். தங்கை மிகவும் பெருமையாகச் சொன்னது சாப்பாட்டுக் கழிவைத்தான். விடுதியைச் சேர்ந்த கடைகளில் பத்து வீதம். நல்லது. அவர்கள் ஒரு கிழமை தங்கி 600 டொலருக்குச் சாப்பிட்டால் 60 டொலர் மிச்சம். நீர்ப் பூங்கா அனுமதிச் சீட்டுகளின் பெறுமதி 80 டொலர் என்று வைப்போம். பரிசுப் பொருட் கடையில் ஒரு 10 டொலர். எல்லாமாக 150 டொலர். பராமரிப்புக் கட்டணமான 950 டொலரையும் சாப்பாட்டுக் கழிவாகவே திரும்பப் பெறவேண்டுமானால் வருடத்தில் 9,500 டொலருக்கு அந்தக் கடைகளில் சாப்பிட வேண்டும். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் ஒரு கிழமையில் அப்படிச் சாப்பிட முடியுமா?

இன்னொன்றையும் கவனித்தேன். ஒன்ராறியோவில் கடைச் சாப்பாட்டுக்கு 13 வீத விற்பனை வரி உண்டு. 100 டொலர் சாப்பாட்டுக்குக் கழிவு போக 90 டொலர். அதற்கு வரி 11 டொலர் 70 சதம். ஆகவே கட்டுவது 101 டொலர் 70 சதம். பரிமாறுபவருக்குக் கொடுக்கும் பணம் அதற்கும் மேலே. கழிவு வரியைக் கூட முழுதாக ஈடுசெய்யவில்லை. மதுபானத்துக்குக் கழிவு இல்லை, பண்டிகை நாட்களில் கழிவு இல்லை, சலுகைகளை முன்னறிவித்தல் இல்லாமல் மாற்றலாம் என்பவையும் கீழே சிறிய எழுத்தில் இருந்தன. விலையும் கட்டணமும் எங்களைக் கட்டிப்போடும் பகுதியில் இருக்கின்றன. சலுகைகளோ கம்பனி விரும்பினால் நிறுத்தக்கூடிய பகுதியில் இருக்கின்றன. அதை வாசித்தபோது, கழிவுகளைக் கணக்கில் சேர்ப்பதையே விட்டுவிட்டேன். நாளைக்கு இல்லாமற் போகக்கூடியதை வரவில் எழுதக் கூடாது என்பது எங்கள் சங்கத்தில் வழக்கம்.

‘உங்களுடையது’ என்ற சொல்லையும் நான் விடவில்லை. உறுதிக் காணிக்கும் பெர்மிற் காணிக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் பகுதிப் பெண்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பெர்மிற் காணியில் இருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் நினைத்தபடி விற்க முடியாது, நிபந்தனையை மீறினால் கைவிட்டுப் போகவும் கூடும். தங்கை வாங்கியது அதைவிட மெலிந்தது. கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் உரிமை பறிபோகும். அதற்குப் பிறகும் பாக்கியைக் கேட்டு வருவார்கள். விற்றுவிடலாம் என்றால் வாங்க ஆள் வேண்டும். பல்லாயிரம் டொலர் கொடுத்து வாங்கியவர்கள், வருடக் கட்டணத்திலிருந்து தப்பினால் போதும் என்று ஒரு டொலருக்கும் இனாமாகவும் கொடுக்க முன்வருவதை அந்த நாட்டு விளம்பரங்களில் காணலாம். ஆகவே எழுப்ப முடியாத இடம் என்று சொன்னது சரியல்ல. எழும்பிப் போக விரும்பினாலும் இலேசில் போக முடியாத இடம் என்று சொல்வதே பொருந்தும்.

நியாயமாகவும் எழுத வேண்டும். இதனால் பயன் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் எடுக்காமல் கையிலுள்ள காசில் வாங்குகிறவர்கள், இன்னொருவர் விட்டுப்போவதை மலிவாக எடுக்கிறவர்கள், ஒவ்வொரு வருடமும் தவறாமல் அதே காலத்தில் லீவு கிடைக்கிறவர்கள், பெரிய குடும்பமாகப் போய் அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இவர்களுக்குக் கணக்குச் சரிவரக் கூடும். அவர்கள் மனம் விரும்பித்தான் போகிறார்கள். ஆனால் தங்கைக்கு லீவு எப்போது கிடைக்கும் என்பது அவளுடைய மேற்பார்வையாளரின் கையில். கணவருடைய லீவு இன்னொருவரின் கையில். பிள்ளைகளின் லீவோ புள்ளி கூடிய காலத்தில். மூன்றும் ஒன்றாகச் சேரும் கிழமை வருடத்தில் எத்தனை?

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உண்மையான சங்கடம் வந்தது. மாதத் தவணை 267 டொலர். பராமரிப்புக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 79 டொலர். இரண்டும் சேர்ந்தால் 346 டொலர். தங்கை எங்களுக்கு மாதம் அனுப்புவது 350 டொலர்.

அவள் அதைச் சொல்லவில்லை. நினைத்துக்கூட இருக்க மாட்டாள். ஆனால் அந்த இரண்டு இலக்கங்களும் என் கொப்பியில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நின்றன. ஒரு கனடா டொலர் இருநூறு ரூபாவுக்கு மேல் போய்க்கொண்டிருந்த காலம். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு மருந்தின் விலையும் அரிசியின் விலையும் எப்படி இருந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவள் வேண்டாம் என்று விட்டால் இலாபம் எனக்கு. அப்படியிருக்க, வேண்டாம் என்று நான் சொல்வது அவளுக்காகவா, எனக்காகவா?

இரவு முழுவதும் யோசித்தேன். பத்தொன்பது வருடமாக அந்தக் குளிரில் இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடியவள். தன் பிள்ளைகளோடு ஒரு கிழமை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஆசைப்பட்டால் அதைக் கணக்குப் பார்த்துத் தடுக்க நான் யார்? அனுப்புகிறவருக்கும் வாழ்க்கை இருக்கிறது என்பதை வாங்குகிற நாங்கள் மறந்துவிடக் கூடாது. ‘வெளிநாட்டுக் காசு’ என்று நாங்கள் இலேசாகச் சொல்லுகிறோம். அது ஒருவருடைய நாரியும் முழங்காலும் நித்திரையும்.

அடுத்த நாள் அவளுக்கு எடுத்தேன். கணக்கைச் சொல்ல முன்னர் இதைத்தான் சொன்னேன்:

“நீ வேண்டாம் எண்டு விட்டால் எனக்குத்தான் லாபம். அதாலை என்ரை சொல்லைக் கேக்காதை. கணக்கைப் படம் எடுத்து அனுப்பிறன். நீயும் அவருமா இருந்து திருப்பிப் போட்டுப் பாருங்கோ. அம்மான்ரை மருந்துக்கு நான் வழி பாப்பன். அதை நினைச்சு முடிவெடுக்காதை.”

அவள் அழுதாள். “என்னக்கா இப்பிடிக் கதைக்கிறியள்” என்றாள். பிறகு கணவரோடு இருந்து பார்த்தாள். அவர் என் கணக்கில் ஒரு விடுபாட்டையும் காட்டினார். கிழமையை வேறு விடுதிக்கு மாற்றுவதற்குத் தனியாக ஓர் அங்கத்துவமும், ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணமும் உண்டு என்பது அவர்களுக்குக் கிடைத்த இன்னொரு தாளில் இருந்தது. அந்தத் தாளை எனக்கு அனுப்பியிருக்கவில்லை.

எட்டாம் நாள் அவர்கள் இரத்துக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். பிரதி ஒன்றையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டார்கள். கம்பனியிலிருந்து இரண்டு முறை தொலைபேசி எடுத்து இன்னும் விலை குறைப்பதாகச் சொன்னார்களாம். ‘கடிதத்தில் எழுதியதுதான் எங்கள் பதில்’ என்று மட்டும் தங்கையின் கணவர் சொல்லியிருக்கிறார். கட்டிய 4,000 டொலரும் திரும்பி வந்தது.

அவளுடைய ஓய்வைப் பற்றியும் பேசினோம். அதை விட்டுவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். மாதம் 80 டொலர் ஒரு தனிக் கணக்கில் போடுகிறாள். வருடத்தில் 960 டொலர். 2024 இல் அந்தப் பணத்தில் ஓர் ஏரிக்கரை வீட்டை நான்கு இரவுக்கு எடுத்துப் போனார்கள். சோறும் மீன்குழம்பும் அங்கேயே சமைத்தார்களாம். அடுத்த வருடம் போக முடியாவிட்டால் அந்தப் பணம் அங்கேயே இருக்கும். எவரும் கட்டணம் கேட்டுக் கடிதம் போட மாட்டார்கள்.

‘இது கனடாக் கதை, எங்களுக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கக் கூடும். பெயர்தான் வேறு. அமைப்பு ஒன்றுதான். ஆசிய நாடுகளின் பெரிய நட்சத்திர விடுதிகள் பலவற்றில் வருடச் சந்தா கட்டினால் ஓர் அட்டை தருகிறார்கள். இருவர் சாப்பிட்டால் பாதி விலை, மூவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, நால்வர் என்றால் காற்பங்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்குப் பார்த்தால் எத்தனை பேர் போனாலும் ஒருவருடைய சாப்பாடுதான் இலவசம். சந்தாப் பணத்தை அந்த ஒருவருடைய சாப்பாட்டின் விலையால் பிரித்தால் வருடத்தில் எத்தனை முறை போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். அத்தனை முறை போகிறவருக்கு அது நல்லது. சாதாரணமாக வருடத்தில் ஒரு முறை போகிறவர் அட்டை இருக்கிறதே என்று ஐந்து முறை போனால், கழிவு கிடைத்தும் செலவு கூடியிருக்கும்.

கடனட்டைக் கழிவும் அப்படியே. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு அது இலாபம். ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டி மிகுதியை வைத்திருப்பவருக்கு, கழிவாகக் கிடைத்தது சில மாதங்களில் வட்டியாகப் போய்விடும்.

எங்கள் கிராமங்களுக்கும் இத்தகையவர்கள் வருகிறார்கள். சமையற் பாத்திரத் தொகுதி, தண்ணீர் வடிகட்டி, அங்கத்துவ அட்டை, ஆள் சேர்த்தால் உங்களுக்கும் ஒரு பங்கு என்று கதவைத் தட்டுகிறார்கள். ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் பிரமிட் திட்டங்கள் இலங்கையின் வங்கித் தொழில் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை என்பதை அறிந்து வைத்திருங்கள். நுண்கடன் எங்களுக்குத் தந்த பாடமும் மறக்கக் கூடியதல்ல. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வாசற்படிக்கே வந்து, அக்கா, அம்மா என்று அழைத்துத் தந்த கடன்கள்தான் அவையும்.

ஆகவே, எவராவது ஒரு சலுகையோடு வந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, இதற்கு நான் எல்லாமாக எவ்வளவு கட்டுவேன்? மாதத் தவணையைக் கேட்க வேண்டாம், மொத்தத் தொகையைக் கேளுங்கள். இரண்டு, பாவிக்காவிட்டாலும் கட்ட வேண்டுமா? மூன்று, கட்டணத்தைக் கூட்டும் உரிமையும் சலுகையை நிறுத்தும் உரிமையும் யாரிடம் இருக்கின்றன? நான்கு, விலக நினைத்தால் எந்த நாளுக்குள், எப்படி விலகலாம்? ஐந்து, இந்தச் சலுகை இல்லாவிட்டால் இந்தப் பொருளை அல்லது சாப்பாட்டை நான் வாங்கியிருப்பேனா? ஐந்தாவதுக்கு ‘இல்லை’ என்பது பதிலானால் அங்கே மிச்சம் என்று ஒன்றும் இல்லை, செலவு மட்டும்தான்.

விளங்காத மொழியில் எழுதிய தாளில் அன்றே கையொப்பம் வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே போதிய பதில். கணக்குத் தெரியாது என்று வெட்கப்படவும் வேண்டாம். சங்கத்தில் பத்துப் பேர் இருந்தால் அதில் ஒருத்திக்காவது கணக்கு வரும். அவளிடம் கொண்டு போங்கள். கேட்கப்படுகிற நாங்களும், அந்த முடிவில் எங்களுக்கு ஓர் இலாபம் இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்குவோம்.